லாக்கரில் கிடக்கும் கடிகாரம்

(ஸ்ரீபெரும்புதூரில் தொழிலாளர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஸ்மார்ட் வாட்ச் அன்றாடத்துக்கு உதவுமா, காசு போட்டு வாங்கலாமா என்று பேச அழைத்திருக்கிறீர்கள். இதைத் தியாகராய நகரில் பேசினால் விலை, பேட்டரி, திரை என்று நேராகத் தொடங்கிவிடலாம். இங்கே அப்படி முடியாது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் வரைக்கும் ஆலை வேலைக்குப் போகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது வேறு. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உங்கள் மணிக்கட்டு உங்கள் வசம் இருக்கிறது?

பின்வரிசையில் சிரிக்கிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் லைனில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாசலில் மெட்டல் டிடெக்டர், உள்ளே லாக்கர். மோதிரம், செயின், கடிகாரம், செல்போன் எல்லாம் லாக்கருக்குள் போய்விடும். உடுப்பும் தொப்பியும் செருப்பும் மாற்றி, லைனுக்குப் போகும் முன் மணிக்கட்டில் ஈஎஸ்டி எனப்படும் நிலைமின்சாரத் தடுப்புப் பட்டையைக் கட்ட வேண்டும். டெஸ்டரில் விரலை வைத்துப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியாவிட்டால் லைனில் இடமில்லை.

எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்தே வயதானவன் நான். இதைப் பாதியில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. நாம் நடக்கும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் உடம்பில் நிலைமின்சாரம் சேர்கிறது. காற்று வறண்டிருந்தால் அது பல ஆயிரம் வோல்ட்டுக்குப் போகும். ஏறத்தாழ 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் விரல் நுனியில் சுரீர் என்பது நமக்குத் தெரியும். ஆனால் போர்டில் இருக்கும் சில சிப்புகள் 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே பழுதாகிவிடும். அங்கேயே செத்துவிட்டால்கூடப் பரவாயில்லை, டெஸ்டிங்கில் பிடித்துவிடலாம். பாதி உயிரோடு தப்பிப் போய், சில மாதம் கழித்து வாங்கியவர் கையில் சாவதுதான் பெரிய தலைவலி. அதனால்தான் அந்தப் பட்டை உங்களை எர்த்தோடு கட்டிப்போடுகிறது. அதன் வயரில் ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். அது சிப்புக்காக வைத்ததல்ல, உங்களுக்காக வைத்தது. தவறிப்போய் இன்னொரு கை மின்கம்பியில் பட்டாலும் உடம்பு வழியாகப் பெரிய கரண்ட் ஓடிவிடக் கூடாது.

2006-இல் நோக்கியா இங்கே உற்பத்தியைத் தொடங்கியபோது சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் பல ஆயிரம் பேர் முதன்முதலாக இந்தப் பட்டையைக் கட்டினார்கள். 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை நின்றது. பிறகு அதே வளாகத்துக்கு சார்ஜர் செய்யும் சால்காம்ப் வந்தது. கம்பெனிகள் மாறின, செய்யும் பொருள் மாறியது, பட்டை மாறவில்லை.

கார், லாரி, பைக் ஆலைகளில் காரணம் வேறு. பெயிண்ட் அடித்து வரும் பாடியில் கடிகாரத்தின் விளிம்பு உரசினால் கீறல் விழும். பெல்ட் பக்கிளையே மூடி வைக்கச் சொல்கிறவர்கள் கடிகாரத்தை விடுவார்களா? பிரஸ், லேத், டிரில் பக்கம் போனால் அது கீறல் விவகாரம் அல்ல, கை விவகாரம். சுழலும் எந்திரம் ஸ்ட்ராப்பைப் பிடித்தால் அதோடு கையையும் இழுக்கும். இந்த விதியில் யாரும் பேரம் பேசக் கூடாது.

உலோகம் அணியக் கூடாது என்ற விதி இந்த வட்டாரத்தில் ஒருமுறை நாடு முழுவதும் பேசப்பட்டது. 2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் நிறுவனம், இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று செய்தி வெளியிட்டது. தாலியும் மெட்டியும் அந்த விவாதத்துக்குள் வந்தன. புதிதாக எடுத்தவர்களில் நான்கில் ஒரு பங்கு திருமணமான பெண்கள்தான், உலோகம் கூடாது என்பது ஆண் பெண் மத வேறுபாடின்றி எல்லோருக்குமான பாதுகாப்பு விதி என்று நிறுவனத் தரப்பு மத்திய அரசுக்கு விளக்கம் சொன்னதாகவும் செய்தி வந்தது. அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. தாலிக்கே இவ்வளவு பேச்சு என்றால் ஸ்மார்ட் வாட்சுக்கு விலக்கு கிடைக்கும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, கணக்குப் போடுவோம். ஷிஃப்ட் எட்டு மணி நேரம். உடை மாற்றுவது, சோதனை, கேண்டீன் எல்லாம் சேர்த்து ஒன்பது என்று வையுங்கள். தூக்கம் ஏழு, எட்டு. மிச்சம் ஏழெட்டு மணி நேரம். அதிலும் இரண்டு மணி நேரம் கம்பெனி பஸ்ஸில். ஆக விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் அந்தக் கடிகாரம் லாக்கரில் கிடக்கும். நாளெல்லாம் உங்களைக் கவனித்துக்கொள்ளும் என்று விளம்பரம் சொல்லும் பொருளுக்கு உங்கள் நாளில் பெரும்பகுதி தெரியாது.

தெரியாததால் அது பேசும் பேச்சைக் கேட்க வேண்டும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே ஸ்க்ரூ போட்டுவிட்டு வெளியே வந்து, பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் காலை நீட்டி உட்காருகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் கையில் ஒரு அதிர்வு: நீங்கள் வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நில்லுங்கள். அந்த வசதியை யாருக்காகச் செய்தார்கள்? மேசை முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்காகச் செய்தார்கள். பலகை முன்னால் நிற்பவர் அவர்கள் கணக்கில் இல்லை. பத்தாயிரம் அடிக் கணக்கும் அப்படித்தான். அது மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன எண் என்று பலர் நினைக்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு 1965-இல் யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் ஓர் அடிமானியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயரிலேயே பத்தாயிரம் இருந்தது. அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. 2019-இல் அமெரிக்காவில் 16,741 மூத்த பெண்களிடம் நடத்திய ஆய்வில், நாளைக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் போனால் கூடுதல் லாபம் பெரிதாகத் தெரியவில்லை. லைனில் மெட்டீரியல் தள்ளுகிறவர் மதியத்துக்குள் அதைத் தாண்டியிருப்பார். கடிகாரத்துக்குத்தான் தெரியாது.

இனி உடம்பை அளக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பணம் அதற்குத்தான் கேட்கிறார்கள்.

கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைகிறது. திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்பக் குறைந்து கூடுகிறது. பக்கத்திலிருக்கும் சென்சார் அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணி நிமிடத்துக்கு இத்தனை என்று காட்டுகிறது. கொள்கை எளிமையானது, உட்கார்ந்திருக்கும்போது நன்றாகவே வேலை செய்யும். கை ஆடினால், ஸ்ட்ராப் தளர்ந்தால், வியர்வை புகுந்தால், பச்சை குத்தியிருந்தால் எண் தடுமாறும். வாழைக்காயில் கட்டினாலும் துடிப்பு காட்டுகிறது பார் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. அதை வைத்து எந்தக் கடிகாரத்தையும் போலி என்று தள்ளிவிடாதீர்கள். திரும்பி வரும் ஒளியில் ஏதாவது தாளம் கிடைக்குமா என்று தேடுவதுதான் அதன் வேலை. விலை உயர்ந்ததும் சில நேரம் ஏமாறும். சரியான சோதனை உங்களிடமே இருக்கிறது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, மற்ற கையில் நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கடிகாரம் சொல்வதோடு நான்கைந்துக்குள் ஒத்துப்போக வேண்டும். பிறகு இரண்டு மாடி ஏறி இறங்கி உடனே ஒருமுறை எண்ணுங்கள். மலிவுக் கடிகாரங்கள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது சோதனையில்தான்.

ஆக்சிஜன் அளவு காட்டும் வசதியின் கதை கொஞ்சம் சிக்கலானது. ரத்தத்தின் ஆக்சிஜனை, நாடித் துடிப்போடு கூடிக் குறையும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வைத்துக் கணிக்கலாம் என்று 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி காட்டினார். கொரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிக்கொண்ட கிளிப்பெல்லாம் அவருடைய வாரிசுகள்தான். விரலில் ஒளி ஊடுருவிப் போகும். மணிக்கட்டிலோ எலும்பும் தசைநாரும் இருப்பதால் மேலே பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும், அதனால் தடுமாற்றம் அதிகம். அது போதாதென்று, 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு, மருத்துவமனைக் கருவிகளே கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைந்திருப்பதை வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தவறவிட்டன என்று காட்டியது. மருத்துவமனைக் கருவிக்கே இந்த நிலை என்றால், 1,500 ரூபாய்க் கடிகாரம் நம்மூர்த் தோலில் காட்டும் 98-ஐ நம்பி மூச்சுத் திணறும் ஆளை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

ரத்த அழுத்தம் பற்றி ஒரே வார்த்தைதான். கையைச் சுற்றிக் காற்றடித்து இறுக்காத எந்தக் கடிகாரமும் அழுத்தத்தை நேராக அளப்பதில்லை. சாம்சங் கடிகாரங்களில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் 28 நாளுக்கு ஒருமுறை சாதாரண பிபி மெஷினை வைத்து அதைச் சரிசெய்ய வேண்டும். அதாவது அதற்கும் பிபி மெஷின் வேண்டும். சாலையோரக் கடையில் வாங்கியது 120/80-ஐ ஒட்டியே ஏதாவது ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆரோக்கியமான ஆளுக்கு அது பெரும்பாலும் பொருந்தியும் போகும்; ஆபத்து அங்கேதான்.

சர்க்கரைக்கு வருகிறேன். இது கொஞ்சம் கோபத்தோடு சொல்ல வேண்டியது. ஊசி குத்தாமல் ரத்தச் சர்க்கரை காட்டும் என்று சொல்லி விற்கும் கடிகாரங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அப்படி ஒரு கடிகாரத்துக்கோ மோதிரத்துக்கோ தாங்கள் அனுமதி கொடுத்ததே இல்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. ஐசிஎம்ஆர் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். உங்கள் வீட்டிலும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருக்கலாம். அந்தப் பொய் எண்ணைப் பார்த்து அவர்கள் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்தால் என்ன ஆகும்? அந்தக் கடிகாரத்தை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் அப்பா கையில் கட்டாதீர்கள். குளுக்கோமீட்டர் வாங்குங்கள்.

எல்லாவற்றையும் திட்டிவிட்டுப் போக நான் வரவில்லை. இதயத் துடிப்பின் தாளம் தவறுவதைக் கண்டுபிடிப்பதில் நல்ல கடிகாரங்கள் உண்மையாகவே முன்னேறியிருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 4,19,297 பேரிடம் ஆப்பிள் வாட்சை வைத்து நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ஒழுங்கற்ற துடிப்பு என்று எச்சரிக்கை போனது 0.52 சதவீதம் பேருக்கு மட்டும். அப்படி எச்சரிக்கப்பட்டு, நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி பேட்சைப் பயன்படுத்தித் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு பதிவானது. அந்தக் கோளாறு வந்துவந்து போவது; பேட்ச் ஒட்டியிருந்த நாளில் வரவில்லை என்பதால் இல்லை என்றாகிவிடாது. வயதானவருக்கு இது பக்கவாதத்தைத் தடுக்கும் செய்தியாகலாம். ஆனால் இன்னொரு எண்ணையும் பாருங்கள்: 40 வயதுக்குக் கீழே இருந்தவர்களில் எச்சரிக்கை போனது 0.16 சதவீதம் பேருக்குத்தான், ஆயிரம் பேரில் இரண்டு பேர்கூட இல்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருக்கிறீர்கள். இதயத்துக்காக என்று சொல்லி உங்களிடம் இருபத்தைந்தாயிரம் ரூபாய் கேட்கிறவர் அந்த எண்ணைச் சொல்ல மாட்டார். உங்கள் தாத்தாவுக்கு என்றால் பேச்சு வேறு.

தூக்கம். ஏ, பி, சி என்று ஷிஃப்ட் மாறி மாறி வருகிறவர்களுக்கு இது உடம்பைத் தின்னும் விஷயம். கடிகாரம் ஏதாவது சொல்லாதா என்ற ஆசை எனக்குப் புரிகிறது. தூக்கத்தை ஒழுங்காக அளக்க வேண்டுமானால் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலை, கண் அசைவு, தசை இறுக்கம் மூன்றையும் இரவெல்லாம் பதிய வேண்டும். கடிகாரத்திடம் இருப்பதோ கை அசைவும் இதயத் துடிப்பும்தான். எத்தனை மணி நேரம் படுத்திருந்தீர்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். ஆழ்ந்த தூக்கம் 1 மணி 12 நிமிடம் என்று அது சொல்வது ஊகம். மலிவுக் கடிகாரங்கள் பலவற்றுக்குப் பகலில் தூங்குவது என்றால் என்னவென்றே தெரியாது. சி ஷிஃப்ட் முடிந்து காலை எட்டு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்தவரிடம், நேற்று நீங்கள் தூங்கவே இல்லை என்று சொல்லும். தூங்கவில்லையோ என்ற கவலையிலேயே தூக்கம் கெட்டவர்களும் இருக்கிறார்கள். அதற்கு ஆங்கில மருத்துவ இதழில் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இப்போது நான் இந்தப் பகுதியில் பார்த்து, இதற்காக வாங்கலாம் என்று ஒப்புக்கொண்ட ஒரு பயனைச் சொல்கிறேன். எந்த விளம்பரத்திலும் அது பெரிய எழுத்தில் வராது. அது அதிர்வு அலாரம்.

வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய மகளிர் விடுதியை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்து வைத்தார். 706 கோடி ரூபாய்ச் செலவு, 18,720 பேர் தங்கலாம், ஓர் அறைக்கு ஆறு பேர். அது அரசு கட்டியது, வசதியானது. சுங்குவார்சத்திரத்திலும் மாம்பாக்கத்திலும் வாடகை அறைகளில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்திக்கு ஏ ஷிஃப்ட்; விடியும் முன்னே பஸ். பக்கத்தில் படுத்திருப்பவள் பி ஷிஃப்ட் முடித்து நள்ளிரவில்தான் வந்து படுத்திருக்கிறாள். செல்போன் அலாரம் அடித்தால் அறையே எழும். தலையணைக்கடியில் அதிர வைத்தால் சில நாள் தெரியாமலே போகும். பஸ்ஸை விட்டால் அன்றைய சம்பளத்தோடு அட்டெண்டன்ஸ் போனஸும் போய்விடும். கையில் கட்டியிருக்கும் கடிகாரம் அதிர்ந்தால் எழ வேண்டியவர் மட்டும் எழுவார். காது கேளாத தொழிலாளர்களுக்கு இது வெறும் வசதி என்ற அளவைத் தாண்டியது. வேறு ஆள் தட்டி எழுப்ப வேண்டியதில்லை என்ற சுதந்திரம். இதற்கு 1,200 ரூபாய்க் கடிகாரமே போதும். 30,000 ரூபாய்க் கடிகாரமும் இதே அளவுக்குத்தான் அதிரும்.

அழைப்பு வருவதைக் கையில் காட்டுவது, கையிலேயே பேசுவது, இதெல்லாம் பஸ் நெரிசலில் கொஞ்சம் உதவும். பைக்கில் வேண்டவே வேண்டாம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கண்டெய்னர் லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் போகிறவர் மணிக்கட்டில் வந்த மெசேஜைப் படிக்கும் இரண்டு விநாடியில் வண்டி முப்பது மீட்டர் ஓடியிருக்கும். கார் விபத்து நடந்தால் தானாக உதவி கூப்பிடும் வசதி 2022 முதல் ஆப்பிள் கடிகாரங்களில் வந்திருக்கிறது. மலிவுக் கடிகாரத்தில் எஸ்ஓஎஸ் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் புளூடூத் வழியாக உங்கள் போனைக் கூப்பிடச் சொல்வதுதான். போன் சிதறிக் கிடந்தால் அதுவும் இல்லை. ஹெல்மெட்டுக்கு முதலில் செலவழியுங்கள்.

விலைக்கு வருவோம். சந்தை ஆய்வு செய்யும் ஐடிசி (IDC) நிறுவனத்தின் கணக்குப்படி இந்தியாவில் 2023-இல் 5.34 கோடி ஸ்மார்ட் வாட்சுகள் சந்தைக்குப் போயின. 2024-இல் அது 3.5 கோடியாக விழுந்தது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நாய்ஸ், ஃபயர் போல்ட், போட் என்று போட்டி போட்டு விலையை இரண்டாயிரத்துக்குக் கீழே இறக்கிய பிறகு நடந்தது இது. விலை இறங்கியும் ஏன் விற்கவில்லை? முதல் கடிகாரம் பழுதானபோது பலர் இரண்டாவதை வாங்கவில்லை என்பதுதான் என் ஊகம். பழையது மேசை டிராயரில் கிடக்கிறது, அது இல்லாமல் வாழ்க்கை நின்றுவிடவும் இல்லை.

பழுதாகும் விதம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். உள்ளே இருப்பது சிறிய லித்தியம் செல். சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் அதன் கொள்ளளவு குறையும். வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில் வைத்துவிட்டுப் போனால் இன்னும் சீக்கிரம். மூடி பசை போட்டு ஒட்டியது, பேட்டரி மாற்ற நாதியில்லை. நம் மாநிலத்தின் டிட்கோவும் டாடாவும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டனின் ஓசூர் ஆலையில் செய்த பழைய குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் சில பத்து ரூபாய்க்குச் செல் மாற்றினால் அது இன்னும் ஓடும். அதே டைட்டனும் இன்று ஸ்மார்ட் வாட்ச் விற்கிறது, அந்த ஸ்மார்ட் வாட்ச் உங்கள் பேரன் வரைக்கும் வராது.

ஆகவே இப்படிக் கணக்குப் போடுங்கள். 1,500 ரூபாய்க் கடிகாரம் இரண்டு வருஷம் வரும் என்றால் நாளைக்கு இரண்டு ரூபாய். அதிர்வு அலாரத்துக்கு அது நியாயமான விலை. ஆசைக்கு என்றாலும் கேள்வி கேட்க மாட்டேன், இருபது வயதில் கையில் பளிச்சென்று ஒன்று கட்டிக்கொள்ளத் தோன்றுவது குற்றமில்லை. 30,000 ரூபாய்க் கடிகாரம் நான்கு வருஷம் வந்தாலும் நாளைக்கு இருபது ரூபாய். பதினாறாயிரம், பதினெட்டாயிரம் சம்பளத்தில் அதை இஎம்ஐயில் எடுத்து, பாதி நாள் லாக்கரில் பூட்டி வைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. தினமும் ஓடுகிறவர், இதயத் தாளக் கோளாறு உள்ளவர், தனியாக இருக்கும் வயதான பெற்றோர் விழுந்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர், இவர்களுக்கு நல்ல கடிகாரம் தகும். லைனுக்குள் போகாத அலுவலக ஊழியருக்கும் ஓரளவு தகும்.

வாங்குவதென்று முடிவெடுத்தால் பில்லோடு வாங்குங்கள். பெட்டியிலோ கடிகாரத்திலோ ஆர் என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுப் பார்த்தால் கம்பெனி பெயர் வரும். அறுநூறு ரூபாய்க்கு அல்ட்ரா என்று சாலையோரம் விற்பதில் அது இருக்காது. தூங்கும்போது கையில் ஒட்டிக்கொண்டிருக்கும் லித்தியம் செல் அது. அறுநூறு ரூபாய்க்காக அந்த வம்பு வேண்டாம்.

கூட்டத்தில் மனிதவளப் பிரிவிலிருந்தும் சிலர் வந்திருக்கிறீர்கள், தொழிற்சங்கத் தோழர்களும் இருக்கிறீர்கள். ஆயுத பூஜைக்குத் தொழிலாளர்களுக்கு ஸ்மார்ட் வாட்ச் கொடுக்கலாமா என்று இடைவேளையில் ஒருவர் கேட்டார். கொடுத்தால் அதில் பதியும் துடிப்பும் தூக்கமும் யார் கண்ணில் படும் என்பதை முதலில் எழுத்தில் கொடுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே நிறைவேறிவிட்டது; சம்மதம் கேட்காமல் எடுப்பது முறையும் அல்ல. அதைவிட எனக்கு வேறு யோசனை இருக்கிறது. 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்களிடம் ஈஎஸ்ஐக்கு மாதாமாதம் 0.75 சதவீதம் பிடிக்கிறீர்கள். அவர்களில் எத்தனை பேர் டிஸ்பென்சரிக்குப் போய் ஒருமுறையாவது ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். சம்பளம் பிடிக்காமல் அரை நாள் அனுமதி கொடுத்து அவர்களை அங்கே அனுப்புங்கள். பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கடிகாரத்துக்கு ஒதுக்கிய அதே 1,500, 2,000 ரூபாயில் மேல்கையில் கட்டும் பிபி மெஷின் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதை லாக்கரில் பூட்ட வேண்டியதில்லை, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் ஆகும்.